கூலிமில் வேலை, வீடு எந்தத் தாமானில்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். கணவருக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் 12 மணி நேர ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. மகள் தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு, மகன் 1ஆம் படிவம். மாமியார் இனிப்பு நீருக்கு அரசு மருத்துவமனையில் மருந்து எடுக்கிறார். நானும் அங்கே வேலை தேட வேண்டும். ஒரு பழைய காரும் ஒரு மோட்டாரும் உண்டு. வாடகைக்கு 900 ரிங்கிட் வரை முடியும். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, புக்கிட் மெர்தாஜாம் என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: இந்த ஐந்தில் நான்கு கெடாவில் இருக்கின்றன. புக்கிட் மெர்தாஜாம் மட்டும் பினாங்கு. கூலிமிலிருந்து அது கூப்பிடு தூரம்தான், ஆனால் எல்லையைத் தாண்டினால் வாரமே மாறிவிடும். கெடாவில் பள்ளி, அரசு அலுவலகம், வங்கி எல்லாவற்றுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் சீருடை போட்டுக் கிளம்ப வேண்டும். பினாங்கில் உங்கள் பேராக்கைப் போலவே சனி, ஞாயிறு. (ஜொகூரும் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது.) கணவரின் ஷிப்ட் இதையெல்லாம் பார்க்காமல் சுழற்சிப்படி ஓடும். சிக்கல் உங்களுக்குத்தான். நீங்கள் புக்கிட் மெர்தாஜாமில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகள் கெடாவில் படித்தால், வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் இருப்பார்கள், நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஞாயிறு இதற்கு நேர்மாறு. குடும்பம் ஒன்றாகச் சாப்பிடச் சனிக்கிழமை ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் அன்று கணவருக்கு ஷிப்ட் இல்லாவிட்டால். ஆகவே உங்கள் வேலை எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் பள்ளியும் அதே பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது சாலை. சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் சுமார் 35 கிலோமீட்டர். காரை வீட்டுக்கு விட்டுவிட்டு அவர் மோட்டாரில் போவார் என்றால், 12 மணி நேர இரவு ஷிப்ட் முடித்து அரைத் தூக்கத்தில் அந்தத் தூரம் ஓட்டுவதை நாங்கள் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டோம். சுங்கை பட்டாணியில் ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் கூலிமுக்கு ரயில் பாதையே கிடையாது. சில தொழிற்சாலைகள் சொந்தமாக பாஸ் கிலாங் (தொழிலாளர் பேருந்து) விடுகின்றன. வேலைக் கடிதம் கொடுத்த மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்: எந்த எந்த தாமான் முனையில் பேருந்து நிற்கும், அதிகாலை எத்தனை மணிக்கு? அந்தப் பட்டியலை வாங்கிவிட்டால் தேட வேண்டிய தாமான்கள் பாதியாகக் குறைந்துவிடும். பேருந்து வீட்டு முனைக்கு வந்தால் ஒரு காரின் பெட்ரோல் மிச்சம்.

மகளுக்குப் பள்ளி இடம் கிடைப்பது பெரும்பாலும் கடினமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாடாங் செராய்ப் பக்கம் விக்டோரியா, ஹென்ரியட்டா என்று தோட்டத்தின் பெயரை இன்றும் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தோட்டத்து மக்கள் தாமான்களுக்குப் போய்விட்டதால் நாடு முழுவதும் இத்தகைய பள்ளிகள் சிலவற்றில் மாணவர் குறைந்துவிட்டனர். 150 பேருக்குக் கீழே என்றால் அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. 30க்குக் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் சேர்த்து நடத்துவார்கள். சிறிய பள்ளி என்பதற்காக ஒதுக்க வேண்டாம், ஆசிரியர் கவனம் அங்கேதான் அதிகம் கிடைக்கும். ஆனால் 4ஆம் ஆண்டில் எத்தனை பேர், வகுப்பு தனியாக நடக்கிறதா, பள்ளி வேனில் இடம் உண்டா என்ற மூன்றையும் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வீடு கிடைத்து, பள்ளியும் கிடைத்து, வேன் கிடைக்காமல் தாய்மார் வேலையை விட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு.

மகன் விஷயத்தில்தான் அதிகம் கவனம் வேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி தானாக வராது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு. எண்ணிக்கை இருந்தாலும் ஆசிரியர் இல்லாமல் நிற்கும் பள்ளிகள் உண்டு. "உங்கள் பள்ளியில் தமிழ் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: தமிழ்ப் பாடம் கால அட்டவணைக்குள் வருகிறதா, பள்ளி முடிந்த பிறகா? ஆசிரியர் நிரந்தரமானவரா? கடந்த ஆண்டு எஸ்பிஎம்மில் எத்தனை பேர் தமிழ் எழுதினார்கள்? பள்ளி முடிந்த பிறகு என்றால், வேன் போய்விடும். திரும்பி வர வழி யோசிக்க வேண்டும். பள்ளி மாற்றத்துக்கான விண்ணப்பம் இப்போதைய பள்ளியில் தொடங்கும், இடைநிலைப்பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் இடம் ஒதுக்கும். புதிய முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண பில்லோ கேட்பார்கள். அதனால் ஒப்பந்தத்தை வாய்மொழியில் விட்டுவிடாதீர்கள்.

மாமியாருக்கு: சுங்கை சிப்புட் மருத்துவமனையில் அடுத்த தேதிக்கு முன்பே இடம் மாறுவதைச் சொல்லி, கூலிம் மருத்துவமனைக்கோ புதிய வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கோ (அரசு சுகாதார மையத்துக்கோ) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மருந்தகத்தில் எஸ்பியுபி என்று கேளுங்கள். மீதி மாதங்களுக்கான மருந்தை வேறு ஊர் அரசு மருந்தகத்தில் எடுத்துக்கொள்ள அது வழி செய்யும். மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும்.

இனி தாமானைப் பார்ப்பது. இரண்டு முறை போங்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலை 6.45க்கு: கெடாவில் அன்று பள்ளி நாள் என்பதால் வேன், ஷிப்ட் பேருந்து, நெரிசல் எல்லாம் உண்மையாகத் தெரியும். சனிக்கிழமை மதியம் காட்டும் வீட்டுக்காரரை நம்பிப் போனால் அமைதியான தெருவைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். இன்னொன்று மழை பெய்த மாலை. கால்வாய் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா, அலமாரிகளின் கால்கள் செங்கல் மேல் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். ஆற்று நிலவரத்துக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோபன்ஜிர் தளத்தைப் பார்க்கலாம். ஆனால் முனை மளிகைக் கடைக்காரர் சொல்வது அதைவிடத் தெளிவாக இருக்கும்.

தண்ணீருக்கு ஒரு குறுக்கு வழி: பக்கத்து வீடுகளின் போர்ச்சைப் பாருங்கள். பத்து வீட்டில் எட்டில் நீலப் பீப்பாய் நிறைத்து வைத்திருந்தால், அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் போனதும் மீட்டர் பக்கத்துக் குழாயையும் மாடிக் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். கீழே வேகம், மேலே சொட்டு என்றால் கூரைத் தொட்டி நிரம்பாமல் இருக்கலாம். கழிவறைத் தொட்டியின் மூடியைத் தூக்கினால் அடியில் படிந்த சேறே நீரின் தரத்தைச் சொல்லிவிடும். பழைய வரிசை வீட்டில் கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியைச் சாவியால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் கரையான்.

எங்கள் கருத்து: நீங்கள் கெடாவில் வேலை பார்ப்பதானால் லூனாஸ் அல்லது பாடாங் செராய், பேருந்து நிற்கும் முனையை ஒட்டி. பினாங்கில் என்றால் புக்கிட் மெர்தாஜாம், பிள்ளைகளும் அங்கேயே. கூலிம் நகரத்தை உங்கள் 900 ரிங்கிட்டுக்குள் நல்ல வீடு வந்தால் எடுங்கள். எதுவானாலும் முதல் ஆண்டு வாடகைதான்.

கேள்வி: முகநூலில் ஓர் ஏஜெண்ட், "500 ரிங்கிட் இன்றே போட்டால்தான் வீடு உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்" என்கிறார். வீட்டை இன்னும் பார்க்கவில்லை. போடலாமா? மொத்தம் எவ்வளவு தயாராக வைக்க வேண்டும்? — பீடோர் வாசகர்

பதில்: போடாதீர்கள். ஏஜெண்டிடம் ஆர்இஎன் எண் (சொத்து முகவராகப் பதிவு பெற்ற எண்) கேளுங்கள். அது அவர் அட்டையில் கியூஆர் குறியோடு இருக்கும், அந்தப் பதிவை நடத்தும் வாரியத்தின் தளத்தில் பெயரும் படமும் நிறுவனமும் வரும். பதிவு இருந்தாலும் பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். அவர் சொந்தப் பெயரிலோ "அக்கா கணக்கு" என்று சொல்லும் கணக்கிலோ கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுக்காரர் நேரடியாகக் கொடுத்தால், கதவு வரி பில்லில் உள்ள பெயரும் அவர் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

தொகைக் கணக்கு, 900 ரிங்கிட் வாடகைக்கு: பாதுகாப்பு டெப்பாசிட் இரண்டு மாதம் 1,800, மின்சாரம்-தண்ணீருக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. ஆக 3,150 ரிங்கிட். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். 10,800க்கு 44 ரிங்கிட். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு முன்பு இருந்த வரி விலக்கு 2025 முதல் கிடையாது. நகலுக்கு 10 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டுங்கள். 54 ரிங்கிட் மிச்சம் பிடித்து முத்திரையில்லாமல் விட்டால், நாளை வழக்கில் அந்தக் காகிதத்தைச் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

சாவி வாங்கும் நாளில் மின், நீர் மீட்டர் இரண்டின் எண்களையும் படமெடுங்கள். பிறகு அறை அறையாக ஒரு காணொளி: சுவர் விரிசல், குழாய், மின்விசிறி, கதவுப் பூட்டு. அதை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால் பிறகு தேதியைப் பற்றிச் சண்டை வரும். டெப்பாசிட்டைத் திருப்பித் தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரைக்கும் சிறு கோரிக்கை வழக்கு, படிவம் 198. வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையுமில்லை. அந்தக் காணொளியும் முத்திரையிட்ட ஒப்பந்தமும் இருந்தால் போதும்.

கேள்வி: கெடாவில் வீடு மலிவு என்று கேள்வி. வாடகைக்குக் கொடுக்கும் காசை வீட்டுக்குக் கட்டிவிடலாமே? 300,000 ரிங்கிட் வீடு பார்த்திருக்கிறோம். — பகாவ் வாசகர்

பதில்: மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். கெடாவில் நிறைய நிலம் மலாய் ரிசர்வ். அரசியலமைப்பின் 89ஆம் பிரிவு பாதுகாக்கும் நிலம் அது. நமக்கு விற்க முடியாது, விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் பெயர் மாறாது. "உங்கள் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதித் தருகிறேன்" என்ற பேச்சு வந்தாலே வெளியேறிவிடுங்கள். பூமிபுத்ரா ஒதுக்கீட்டு லாட் இன்னொரு வகை. அதை மாற்ற மாநில ஒப்புதல் வேண்டும், அதுவும் எளிதில் வராது. ஒரு காசு கொடுப்பதற்கு முன்பு அந்த மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள். பாடாங் செராய், லூனாஸ் என்றால் கூலிம் மாவட்டம். சுங்கை பட்டாணிக்குக் கோலா மூடா. தாளில் மூன்று இடத்தைப் பாருங்கள்: ரிசர்வ் முத்திரை, "செக்காத்தான் கெப்பெந்திங்கான்" (யாருக்கு விற்கலாம் என்ற கட்டுப்பாடு) என்ற வரி, நிலத்தின் மேல் அடமானமோ தடையோ இருக்கிறதா. குத்தகை நிலமென்றால் மிச்சமுள்ள ஆண்டுகளையும் எண்ணுங்கள்.

செலவு: 10 விழுக்காடு முன்பணம் 30,000. விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, 3,750. 270,000 கடன் ஒப்பந்தத்துக்கு 3,375. இவ்விரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி, 570. இதுவரை 37,695. பெயர் மாற்ற முத்திரை வரி 5,000, கடன் முத்திரை வரி 1,350. முதல் வீடாக, 500,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டதாக இருந்தால் இவ்விரண்டுக்கும் விலக்கு உண்டு. கால வரம்பு வைத்து நீட்டிக்கப்படும் விலக்கு என்பதால், கையெழுத்திடும் தேதியில் நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு மேல் மதிப்பீட்டுக் கட்டணம், விற்பவர் பாக்கி வைத்த கதவு வரி, நில வரி. பாக்கியை விற்பவர் தீர்ப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். புதிய வீட்டு மேம்பாட்டாளர் ஒப்பந்தத்துக்கு முன்பே "புக்கிங்" கேட்டால் கொடுக்காதீர்கள், சட்டப்படி வாங்கக் கூடாது.

வேலையில் சோதனைக் காலம் முடியும் முன்பு வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆறு மாதத்தில் ஷிப்ட் ஒத்துவரவில்லை என்றால் வாடகை வீட்டை விடலாம், கடனை விட முடியாது.

கேள்வி: இடம் மாறினால் அடையாள அட்டையையும் மாற்ற வேண்டுமா? ஓட்டு? — சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: ஆம். தேசியப் பதிவு இலாகாவில் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும். ஓட்டு தானாக நகராது: 2021 டிசம்பர் முதல் 18 வயதில் பதிவு தானாக நடந்தாலும், முகவரி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனி விண்ணப்பம் வேண்டும். செய்யாவிட்டால் பொதுத்தேர்தலன்று சுங்கை சிப்புட்டுக்கே பெட்ரோல் போட்டு வர வேண்டியிருக்கும்.