அறக்கட்டளைப் பணம்: கடற்கரை ஊர்களின் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கும் தனியார் அறக்கட்டளைகளைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். திட்ட அறிக்கை எழுதுவதும் கணக்குச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. அரசு மானியம், வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். இன்னொன்று: புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. நான் பழகிய பழைய எண்களிலேயே பேசுகிறேன்.

தங்கச்சிமடம்: நாங்கள் கருவாடு போடும் மகளிர் குழு. சோலார் உலர்த்தி வாங்க அறக்கட்டளை எங்களுக்கு நேரடியாகப் பணம் தருமா?

பெரும்பாலும் தராது அக்கா. வருமான வரித் துறையில் 12ஏபி பதிவு (தொண்டு அமைப்புகளுக்கான வரிவிலக்குப் பதிவு) பெற்ற டிரஸ்டோ சங்கமோ இருந்தால்தான் பேச்சையே தொடங்குவார்கள். பக்கத்தில் பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து கேளுங்கள். ஆனால் வாய்வார்த்தை வேண்டாம், எழுதி வாங்குங்கள். பணம் யார் கணக்கில் வரும், எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், முக்கியமாக அந்த சோலார் உலர்த்தி யார் பெயரில் பில் போடப்படும்? பில் அவர்கள் பெயரில் இருந்தால் திட்டம் முடிந்ததும் உலர்த்தியும் அவர்கள் அலுவலகத்துக்குப் போய்விடலாம். திட்டம் முடிந்தபின் குழுவுக்கே சொந்தம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கீழக்கரை: டிரஸ்ட் பதிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போதே விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் பல இடங்களில் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்பார்கள். சின்னத் தொகை கொடுக்கிறவர்களிடம் முதலில் போங்கள். 12ஏபியில் உங்களிடம் இப்போது இருக்கக்கூடியது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. வேலையைத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது அந்தப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்குக் கேட்க வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

தொண்டி: எங்கள் சங்கம் காரைக்காலில் பதிந்தது. வேலை முழுக்க தொண்டி, தேவிபட்டினம் பக்கம். தமிழ்நாட்டுக்கு மட்டும் கொடுக்கும் அறக்கட்டளை எங்களைச் சேர்த்துக்கொள்ளுமா?

நல்ல கேள்வி. அவர்களுடைய அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். சில பத்திரங்களில் 'தமிழ்நாட்டில் நடக்கும் பணிகளுக்கு' என்றிருக்கும், அப்படியானால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. 'தமிழ்நாட்டில் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு' என்றிருந்தால் அறங்காவலர்கள் விரும்பினாலும் கொடுக்க முடியாது. நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுதுவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சாயல்குடி: ஒருவர் 10 சதவீதம் கொடுத்தால் நிதி வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். முன்பணம் என்றாலும், 'கோப்புச் செலவு' என்றாலும் கொடுக்காதீர்கள்.

ராமநாதபுரம், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பல அமைப்புகள் 15, 20 என்று போடுகின்றனவே?

சார், அந்த 5 சதவீதம் தொண்டு அமைப்புக்கானது அல்ல. கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) விதி அது. கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்கத் தானே செலவழிப்பதற்கு வைத்த வரம்பு. வெளிநாட்டு நன்கொடைக்கு 20 சதவீதம் என்று வேறொரு வரம்பு 2020 திருத்தத்தில் வந்தது. உள்நாட்டுத் தனியார் அறக்கட்டளையின் பணத்துக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அவர்கள் கொள்கையும் உங்கள் ஒப்பந்தமும் சொல்வதுதான் கணக்கு.

திருப்பாலைக்குடி: சட்டம் எப்படியோ போகட்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது சேவையா? எங்கள் ஊரில் எல்லாரும் சும்மாதான் செய்கிறோம்.

அண்ணே, சும்மா செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஓர் ஊரணி தூர்வாருகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செலவுப் பட்டியலில் ஜேசிபி வாடகைக்கு ஒரு வரி, சீமைக்கருவேலை வேரோடு எடுக்க ஒரு வரி, கரைக்கு, வரத்துக்காலுக்கு ஒவ்வொரு வரி. இதெல்லாம் அறக்கட்டளைக்குப் பிடித்த வரிகள், படம் எடுத்துப் போடலாம். ஜேசிபிக்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை ஒழுங்கான பில்லாக மாற்றி வாங்குவது யார்? வவுச்சர் எழுதுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் ஆடிட்டர் முத்திரை வாங்குவது யார்? இதையெல்லாம் செய்கிற கணக்கர் பெண்ணுக்குச் சம்பளம் போடாமல் எழுதிய திட்டம் இரண்டாவது தவணையில் நிற்கும். ஊரணி பாதி வெட்டிக் கிடக்கும்.

ராமநாதபுரம் (மறுபடியும்): அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?

இல்லை சார். உண்மையான செலவைப் போடச் சொல்கிறேன். கணக்கர் மூன்று திட்டத்துக்கு வேலை பார்த்தால் மூன்றில் ஒரு பங்குச் சம்பளம்தான் இதில் வர வேண்டும். முழுச் சம்பளத்தையும் மூன்று இடத்தில் காட்டினால் அது மோசடி. ஆனால் நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது அதற்கு நேர் எதிர். பயந்துபோய் நிர்வாகச் செலவைப் பூஜ்யம் என்று காட்டிவிட்டு, டீசலை 'பயிற்சிப் பொருட்கள்' தலைப்பில் ஒளித்து வைக்கிறார்கள். தணிக்கையில் அதுதான் முதலில் மாட்டும்.

திருப்பாலைக்குடி: இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

சரி அண்ணே, வேலை நடக்கும்போது ஒருநாள் நேரில் வந்து அந்தப் பில் கட்டைப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

மண்டபம்: ராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டம் என்று எழுதினால் நிதி கிடைக்குமா?

பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற மத்திய அரசு 2018-இல் போட்ட பட்டியல் அது; தமிழ்நாட்டில் அதற்குப் போனவை நம் மாவட்டமும் விருதுநகரும்தான். எழுதுங்கள், ஒரு வரி போதும். படிக்கிறவருக்கு அது முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் குடியிருப்பில் குடிநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஒரு குடம் என்ன விலை என்பது. அதை எழுதுங்கள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தில் இன்னொரு இடக்கு உண்டு. தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. நம் கடற்கரையில் பெரிய ஆலைகள் குறைவு, அதனால் அந்தப் பணம் சென்னையையும் ஓசூரையும் சுற்றியே நிற்கிறது. மாநிலம் முழுக்க ஒரே கணக்காகப் பார்க்கிற தனியார் அறக்கட்டளையைத் தேடச் சொல்வது இதனால்தான்.

ஏர்வாடி: எந்த மாதம் விண்ணப்பிக்கலாம்?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த நாட்களில்தான் படகில் போகிறவர்களுக்குப் பயிற்சி வைக்க முடியும். மார்ச்சில் விண்ணப்பித்தால் பணம் வரும்போது படகு கடலுக்குப் போயிருக்கும். தீபாவளி சமயத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பெரியபட்டினம்: பதிவு இல்லாத குழுவுக்குப் பணம் கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேதாளை: வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய அமைப்பிடமிருந்து நாங்கள் பங்கு வாங்கலாமா?

முடியாது. வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020-இல் தடுத்துவிட்டார்கள். மேற்கொண்டு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) தெரிந்த ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பாம்பன்: நிதி கொடுக்கும் அறக்கட்டளைகளின் போன் நம்பர் பட்டியல் போடுங்களேன்.

போட மாட்டேன். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவீர்கள், ஐம்பது பேரும் படிக்க மாட்டார்கள்.

முந்தல்: 10 இல்லை, 5 சதவீதம்தான் கேட்கிறார், தெரிந்தவர்...

தம்பி, சாயல்குடிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். தெரிந்தவர் என்றால் இன்னும் மோசம்.

தேவிபட்டினம்: திட்டம் முடிகிறது, 40,000 ரூபாய் மிச்சம். வேறு வேலைக்குச் செலவழித்துவிடலாமா?

கேட்காமல் செலவழிக்காதீர்கள். மிச்சம் எவ்வளவு, ஏன் மிஞ்சியது, எதற்குச் செலவழிக்க ஆசை, எத்தனை மாதம் கூடுதலாக வேண்டும், இதை ஒரு பக்கத்தில் எழுதிக் காலநீட்டிப்பு கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. தேதி தாண்டிவிட்டால் இன்றே அவர்களுக்குப் போன் போட்டுவிட்டு அப்புறம் கடிதம் எழுதுங்கள்.