டெமோவுக்கு உங்கள் கடை மாத்திரையைக் கொண்டு போங்கள்

கேள்வி: துறையூர் பக்கம் சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 1,800 அயிட்டம் இருக்கும். இதுவரை நோட்டும் எக்செல்லும்தான். பில்லிங் மென்பொருள் விற்பவர் ஒருவர், "பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் உள்ளேயே இருக்கு, மூணு மாசம் முன்னாடியே அலர்ட் வரும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அலர்ட் காட்டாத மென்பொருளை இன்று யாரும் விற்பதில்லை. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மொத்த மருந்துக்கடை ஒன்றில் பல வருடம் பில் போட்டவன் நான். கணினியில் உள்ள பேட்ச்சும் (ஒரே தடவையில் தயாரித்து ஒரே எண் போட்ட சரக்கு) ரேக்கில் உள்ள பேட்ச்சும் பிரிவது பில் மேசையில்தான். பாராசிட்டமால் 650 இருக்கிறது என்று வையுங்கள். ஏப்ரலில் முடிகிற பேட்ச்சில் 12 ஸ்ட்ரிப், நவம்பரில் முடிகிறதில் 40. பெயரைத் தட்டியதும் மென்பொருள் ஏப்ரல் பேட்ச்சைப் பில்லில் போடும். சரியான வேலைதான். ஆனால் கடைப் பையன் கைக்கு எட்டிய புதுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவான். சில நாளில் கணினியில் ஏப்ரல் பேட்ச் பூஜ்யம். பிறகு அலர்ட் எப்படி வரும்? அதன் கணக்கில் அந்தச் சரக்கே இல்லையே. ரேக்கில் மட்டும் 12 ஸ்ட்ரிப்பும் அப்படியே உட்கார்ந்திருக்கும். இருமல் சிரப்பில் எங்களுக்கு ஒருமுறை இப்படித்தான் ஒரு பெட்டியே போனது.

அதனால் விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டாமல், உங்களுக்குச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்ட்டின் பில் ஒன்றையும் நாலைந்து ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ஸ்கீமில் 10+1, அதாவது பத்துக்கு ஒன்று இலவசமாக வந்த பில்லாக இருந்தால் நல்லது. அந்த ஒரு ஃப்ரீ ஸ்ட்ரிப்பும் அதே பேட்ச்சில் ஏறுகிறதா? ஒரே மருந்து இரண்டு பேட்ச்சில் இரண்டு எம்.ஆர்.பி.யோடு வந்திருந்தால், பேட்ச்சை மாற்றியதும் விலை தானாக மாறுகிறதா? 15 மாத்திரை ஸ்ட்ரிப்பில் 4 மட்டும் விற்றால் மீதி 11 அதே பேட்ச்சில் நிற்கிறதா? பில் போடுபவர் கையில் இருக்கும் ஸ்ட்ரிப்பைப் பார்த்து, மென்பொருள் எடுத்த பேட்ச்சை ஒரே தட்டில் மாற்ற முடிகிறதா? கடைசியாகச் சொன்னதில் நாலு திரை தாண்ட வேண்டியிருந்தால், மாலை கூட்டத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள்.

இன்னொன்றை நிறைய பேர் கேட்பதே இல்லை. ஒரே பேட்ச் எண் இரண்டு ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து வந்திருக்கலாம். எக்ஸ்பயரி ரிட்டர்ன் போடும்போது யார் கொடுத்தது, எந்த பில் என்று தெரியாவிட்டால் அவரும் வாங்க மாட்டார், இவரும் வாங்க மாட்டார். பேட்ச்சைத் தட்டினால் கொள்முதல் பில் எண் வர வேண்டும்.

தேதி முடிந்தவற்றைத் தனியாகப் பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று மேலே தெரியும்படி எழுதி வைக்கச் சொல்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி. அதேபோல் மென்பொருளிலும் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்து, பில்லில் எடுக்கவே முடியாதபடி பூட்ட வேண்டும். திருப்பி அனுப்புவதைப் புது விற்பனையாகவும் காட்டலாம், கிரெடிட் நோட் (ஸ்டாக்கிஸ்ட் உங்கள் கணக்கில் வரவு வைத்துத் தரும் சீட்டு) வழியிலும் முடிக்கலாம் என்று 2018 அக்டோபரில் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை வந்திருக்கிறது. உங்களுக்கு எது தோது என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு, அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மென்பொருள் விற்பவர் ஸ்கேனர் சேர்த்துத் தருகிறேன் என்பார். பெட்டியில் உள்ள சாதாரண கோட்டு பார்கோடில் பேட்ச் இருக்காது, பொருள் எது என்பது மட்டும்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் பட்டியலிட்ட 300 பிராண்டுகளில் பேட்ச், எக்ஸ்பயரி அடங்கிய பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும். க்யூஆர் படிக்கிற ஸ்கேனர்தானா என்று கேளுங்கள். அப்புறம், வருடச் சந்தா கட்டாமல் விட்டால் பழைய பில்கள் திறக்குமா, கணக்கை எக்செல்லாக எடுக்க முடியுமா? இதை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மசாலா, சத்துமாவு மொத்த வியாபாரம். டேலி கணக்கு மென்பொருள் இருக்கிறது. நடு வருடத்தில் பேட்ச் வசதியைப் போட்டால் கணக்கு குழம்புமா?

பதில்: குழம்பாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். எஃப்11 அழுத்தி பேட்ச்சையும் எக்ஸ்பயரியையும் ஆன் செய்த பிறகு, ஒவ்வொரு பொருளிலும் தனியாக 'ஆம்' கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "வரவில்லையே" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே உள்ள சரக்கு 'பிரைமரி பேட்ச்' என்ற ஒரே மூட்டையில் தேதி இல்லாமல் நிற்கும். கிடங்கில் எண்ணிப் பார்த்து, ஸ்டாக் ஜர்னல் (சரக்கை இடம் மாற்றும் பதிவு) போட்டு உண்மையான பேட்ச்களுக்கு மாற்றுங்கள். உற்பத்தித் தேதியைக் கொடுத்து எக்ஸ்பயரியில் '6 மாதம்' என்ற கணக்கில் அடித்தால் தேதியை அதுவே போட்டுக்கொள்ளும். தேதி இல்லாத சாக்கு, துடைப்பத்துக்கெல்லாம் பேட்ச் வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்பயரி 08/25 என்று அச்சிட்ட மாத்திரையை எங்கள் கடை மென்பொருள் ஆகஸ்ட் 1 அன்றே பூட்டிவிட்டது. அதுதான் சரியா?

பதில்: இல்லை. மருந்தில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை என்று பொருள், அதே மருந்து விதிகளின் 96ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. அதாவது ஆகஸ்ட் 31. உங்கள் பட்டியல் எக்செல் வழியாக உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே 08/25 என்று அடித்தால், கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து 2025 ஆகஸ்ட் 1 ஆகும், அல்லது அடிக்கிற வருடத்து ஆகஸ்ட் 25 ஆகும். இரண்டுமே தப்பு. இரண்டாவது வகை இன்னும் மோசம், 08/27 என்று போட்ட சரக்கும் இந்த வருடமே முடிந்ததாகக் காட்டும். மாதக் கடைசித் தேதியை முழுசாக அடித்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.