கொரோனா கால வாடகை பாக்கி: ஜிபேயில் மாதத்தை எழுதுகிறீர்களா?

கேள்வி: மதுரை செல்லூரில் வாடகை வீடு, தறி வேலை. 2020 ஊரடங்கில் ஐந்து மாத வாடகை, மாதம் 6,500, கொடுக்க முடியவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றார் வீட்டுக்காரர். அவர் காலமானபின் மகன் அந்தப் பாக்கியைக் கேட்டுக் காலி செய்யச் சொல்கிறார். மோட்டார் போடுவதில்லை, தெருவில் நின்று ஏசுகிறார். அட்வான்ஸ் 50,000 அவரிடம் இருக்கிறது. கொரோனா வாடகை கேட்கக்கூடாது என்று அரசே சொன்னதே?

பதில்: ஏசியது வழக்குக்கு உதவாது. தண்ணீரை நிறுத்தியதற்கு வாடகை அதிகாரியிடம் தனி மனு போடலாம். 29.3.2020 மத்திய அரசு உத்தரவு, தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்காதே என்றது. தள்ளுபடி என்று சொல்லவில்லை. அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னதற்கும் இப்போது சாட்சி இல்லை.

பார்க்க வேண்டியது வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. வாடகை பாக்கிக்கு மூன்று வருடம். கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டதால், உங்கள் பாக்கிக்கு 28.2.2025 வரை கெடு. அதற்குள் அவர் வழக்குப் போடவில்லை, நீங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், இனி வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது.

ஆனால் கடன் செத்துவிடவில்லை. பலர் மாட்டுவது இங்கேதான். எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், காலாவதியான பாக்கியிலும் அதை வரவு வைக்க ஒப்பந்தச் சட்டம் 60-வது பிரிவு இடம் தருகிறது. என்னிடம் வந்த ஒருவர் மாதம் தவறாமல் ஜிபே செய்து, குறிப்பில் கும்பிடு எமோஜி மட்டும் போட்டிருந்தார். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பழைய கணக்கில் கழித்துவிட்டு, நடப்பு வாடகை இரண்டு மாதம் பாக்கி என்று காலி செய்யக் கேட்டு மனு வந்தது. தொகையைப் பார்த்தாலே எந்த மாதம் என்று தெரியாதா என வாதாடலாம்தான். அதற்கு எனக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டும். இன்றிலிருந்து 'ஜூன் வாடகை' என்று மாதத்தின் பெயரோடு அனுப்புங்கள். 'பழைய பாக்கியைச் சீக்கிரம் தருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில்கூட எழுதாதீர்கள். காலாவதியான கடனுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்தால் அது புது ஒப்பந்தம்.

இன்னொன்று, பதிவான ஒப்பந்தம் இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் போடாததே வெளியேற்றக் காரணமாகிறது. இந்த நிலையில் வாடகை நீதிமன்றத்தில் நீங்கள் ஜெயிப்பது கஷ்டம்.

அதனால் பேசி முடியுங்கள். பாக்கி 32,500, பாதியில் பேச்சை ஆரம்பியுங்கள், முழுதும் கேட்டாலும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும். பதிலுக்கு 'பழைய பாக்கி ஏதும் இல்லை' என்று மகன் கையெழுத்தும், புது ஒப்பந்தமும், அதற்குப் பதிவும் வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு ரூபாயும் பழைய கணக்கில் கொடுக்காதீர்கள்.