ஏற்காடு பெண்கள் மிஷனரி மாநாட்டுக்கு மூன்று நாள் போய்த்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் நடக்கும் பெண்கள் மிஷனரி மாநாட்டுக்கு எங்கள் சபையில் கூப்பிடுகிறார்கள். வீட்டிலிருந்தே ஜெபித்து, காணிக்கையையும் அனுப்பிவிட்டால் போதாதா? மூன்று நாள் வீட்டை விட்டுப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் என்றால் போதும், சகோதரி. அடுப்படியில் நின்று ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்கிறார். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியதில்லை. ஆனாலும் போய் வாருங்கள் என்றே சொல்வேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், காரணம் அதிலேயே வந்துவிடும்.

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் 11 வருஷமாக மிஷனரி காணிக்கைக் கணக்கு என் கையில்தான். எங்களுக்குப் பிடியரிசி வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். மாதக் கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டு வந்து கொட்டி, விற்று, உண்டியல் பணத்தோடு சேர்த்து, மிஷனரிகள் ஊழியம் செய்யும் பணித்தளத்துக்கு அனுப்புவோம். மிசோரம் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசி இன்றுவரை அங்கே ஊழியத்துக்குப் பெரிய தாங்கலாக இருக்கிறது. கையில் ரொக்கம் இல்லாத காலத்தில், யாரையும் கேட்காமல் ஒரு பெண் எடுத்துக் கொடுக்க முடிந்தது அரிசிதான். அதனால் அந்த டப்பாவை நான் ஒருநாளும் சாதாரணமாக நினைத்ததில்லை.

பணம் போனால் மாதாமாதம் ஜெபக் குறிப்பு வரும். ‘சகோதரர் இன்னார் மற்றும் குடும்பத்தார்’ என்று அச்சடித்திருக்கும். கூட்டத்தில் நான்தான் வாசிப்பேன். எத்தனை வருஷம் வாசித்தேன்! அந்தக் ‘குடும்பத்தார்’ யார், அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு ஆயுத பூஜை விடுமுறையில் முதல் தடவையாக மாநாட்டுக்குப் போனேன். கோரிமேடு தாண்டும்வரை வியர்வை. மேலே போய் இறங்கினால் பனிமூட்டத்தில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஹாலில் பாய் விரித்து நாற்பது பேர் படுத்தோம். எனக்கு ஒரு பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மறுபக்கம் ஜங்ஷன் பக்கத்தில் பூக்கட்டி விற்கும் அம்மா. ராத்திரி தலைமையாசிரியைக்குக் கால் இழுத்துக்கொண்டது. பூக்கார அம்மா எழுந்து தைலம் தேய்த்துவிட்டார். விடியற்காலையில் பார்க்கிறேன், தலைமையாசிரியை இரண்டு கையாலும் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறார், அந்த அம்மா குளிப்பதற்கு. ஊரில் இரண்டு பேரும் ஒரே சபை. இருபது வருஷமாக முன் பெஞ்சு, பின் பெஞ்சு. ‘ஐக்கியம்’ என்ற சொல்லை எங்கள் லெட்டர்பேடில் எப்போதோ அச்சடித்துவிட்டோம். நான் அதைக் கண்ணால் பார்த்தது அன்று காலையில்தான்.

நிகழ்ச்சிகள் எல்லா மாநாட்டிலும் இருப்பவைதான். அதிகாலை ஜெபம், வேதபாடம், பணித்தளச் செய்தி, குழு ஜெபம், இரவில் சாட்சி. வேதபாடம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. ரோமர் 16ஆம் அதிகாரம், பவுல் வாழ்த்துச் சொல்லும் பகுதி. வெறும் பெயர்ப் பட்டியல் என்று நான் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று ஒவ்வொரு பெயராக எங்களை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். பாடம் எடுத்த அக்கா ஒன்றுதான் கேட்டார்: “பவுலுக்கு இத்தனை பெண்கள் பெயர் தெரிந்திருக்கிறது. நீங்கள் தாங்கும் மிஷனரிகளில் எத்தனை பெண்கள் பெயர் உங்களுக்குத் தெரியும்?” எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

அதற்கடுத்த நிகழ்ச்சியில் பணித்தளத்திலிருந்து வந்திருந்த சகோதரிகளுக்கு ஆளுக்கு ஏழு நிமிடம் கொடுத்து, முடிந்ததும் மணி அடித்தார்கள். பிரசங்கம் செய்ய வந்தவருக்கோ ஒன்றேகால் மணி நேரம், மணியும் இல்லை. எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம். மிஷனரி மாநாடு என்று பெயர் வைத்தால் மிஷனரிகளைப் பேச விட வேண்டும்.

அன்றிரவு சமையல் கூடத்தில் மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். மேடையில் மணி அடித்து இறக்கப்பட்ட ஒரு சகோதரி வாசலில் வந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, ஒடிசாவின் மலைக் கிராமத்தில் கணவரோடு ஊழியம்.

“அக்கா, நானும் உரிக்கட்டுமா?”

“நீ விருந்தாளிம்மா, போய்ப் படு.”

“பொம்பளைங்களோட உக்காந்து தமிழ்ல பேசி ஏழு மாசம் ஆச்சுக்கா.”

நகர்ந்து இடம் விட்டோம். குளிருக்கு ஒரு சால்வைகூட இல்லை, என்னுடையதைப் போர்த்திவிட்டேன். உரித்துக்கொண்டே பேசினாள். அந்த ஊர்ப் பாஷையில் அவள் முதலில் கற்றுக்கொண்டது ‘காய்ச்சல்’ என்ற வார்த்தையாம். ராத்திரியில் கதவைத் தட்டுகிற தாய்மார் எல்லாரும் குழந்தையைக் காட்டி அதைத்தான் சொல்வார்களாம். பி.காம். படித்தவள், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கவும் நெற்றியில் ஈரத்துணி போடவும் அங்கே போய்த்தான் பழகினாளாம். மகன் தமிழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறான், பத்து வயது. இவள் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவன் அழ மாட்டானாம். தன் சாக்ஸில் ஒற்றையை மட்டும் அம்மா பைக்குள் போட்டு அனுப்புவானாம், அதைத் திருப்பித் தரவாவது அம்மா வந்தாக வேண்டுமே என்று. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று யாரும் சொல்லவில்லை.

“இதையெல்லாம் ஏன் மேடையில சொல்லல?” என்றேன். “ஏழு நிமிஷத்துல அவங்க ஊழியத்தைச் சொல்லவே சரியாப்போச்சுக்கா” என்றாள். ‘அவங்க’ என்றது கணவரை.

பெண்களுக்கென்று தனியாக மிஷனரி சங்கமும் மாநாடும் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். அது தொடங்கிய கதையைப் பார்த்தால் புரியும். 1869 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மழைநாளில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் எட்டுப் பேர் கூடினார்கள். இந்தியாவில் அந்தப்புரத்துப் பெண்களை ஆண் மிஷனரியோ ஆண் மருத்துவரோ பார்க்க முடியாது, பெண்களே போனால்தான் உண்டு என்று கேட்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். சந்தா வாரத்துக்கு இரண்டு சென்ட், கூடவே ஒரு ஜெபம். அவர்களுடைய பிடியரிசி என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தச் சில்லறையில் 1870இல் இரண்டு பெண்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். இசபெல்லா தோபர்ன் லக்னோவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். டாக்டர் கிளாரா ஸ்வெயின் பரேலியில், ராம்பூர் நவாப் கொடுத்த இடத்தில், 1874இல் பெண்களுக்கு மருத்துவமனை திறந்தார்.

நம் பக்கத்துக்கு வந்தால் திண்டிவனம். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் கிடக்கும் மனைவியைப் பார்க்க, அமெரிக்க மிஷனரி ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்கவில்லை. மருத்துவரான தந்தையோ ஆண், அவரை உள்ளே விட மூன்று வீட்டாரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஊருக்கே திரும்பிப் போய்விட நினைத்திருந்த ஐடா, மருத்துவம் படித்து 1900இல் வந்து வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். கடல் கடந்து அதைத் தாங்கியதில் பெண்கள் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் சேலத்துக்கும் இங்கிலாந்தின் லண்டன் மிஷன் 1827இல் வந்தது. அப்படி வாங்கி வளர்ந்த சபையில் இருந்துகொண்டு, இன்று நாங்கள் கொடுக்கிறோம் என்பது எனக்கு உள்ளபடியே நன்றியான விஷயம்.

மாநாடு முடிந்து இறங்கிய வாரமே பழைய ஜெபக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, மிஷன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நாங்கள் தாங்கும் 14 குடும்பங்களிலும் பெண்கள் பெயரைக் கேட்டு எழுதினேன். இப்போது கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். அந்தப் பையன் விடுதிக்கு மாதம் ஒருவர் முறை வைத்துப் போய் வருகிறோம். போன தடவை என் முறை. முறுக்கும் தட்டுவடையும் கொண்டு போனேன். கிளம்பும்போது என் பையைத் திறந்து பார்த்தேன், சாக்ஸ் இல்லை. அம்மாவுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் மூன்று நாள் யார் சமைப்பது என்ற கவலை எனக்கும் இருந்தது. சமாளித்துக்கொண்டார்கள், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வளைவில் தலைசுற்றும் என்றால் பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஸ்வெட்டரோடு சால்வை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது ஒன்று தேவைப்படும். ஒரு சின்ன நோட்டும் வேண்டும், பெயர் எழுத. மேலே போய் இறங்கியதும் சமையல் கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.