வாய்ச்சவடாலும் திருட்டுக் குதிரையும்

வணக்கம். மொழிபெயர்க்கும் கட்டுரை ஒன்றில், ஓர் அரசியல்வாதியின் பேச்சை 'பிராகடோசியோ' என்கிறார் ஆசிரியர். அகராதியில் 'தற்பெருமை' என்று இருக்கிறது. அதையே போடலாமா? இது இத்தாலியச் சொல்லா?
– கே.

அன்புள்ள கே.,

தற்பெருமை வேண்டாம். தற்பெருமை பேசுகிறவரிடம் பெருமைப்பட ஏதாவது இருக்கவும் கூடும், இந்தச் சொல்லில் அதற்கு இடமே இல்லை, வெறும் வாய்தான்.

ஒலிதான் இத்தாலியம், பிறந்தது ஆங்கிலத்தில். 'பிராக்' என்றால் பீற்றிக்கொள்வது, அதோடு இத்தாலியப் பெயர்போல ஒரு வாலை ஒட்டி, எட்மண்ட் ஸ்பென்சர் 1590இல் வெளியிட்ட 'தி ஃபேரி குயின்' காவியத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தார். அந்த ஆள் கையோன் என்ற வீரனின் குதிரையையும் ஈட்டியையும் திருடிக்கொண்டு தானே பெரிய வீரன் என்று திரிகிறான், காட்டில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் புதருக்குள் போய்ப் பதுங்குகிறான். 1596இல் வந்த அடுத்த பகுதியில் மாட்டிக்கொள்கிறான். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். குதிரை தன்னுடையதுதான், அதன் வாய்க்குள் லாட வடிவில் ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது என்கிறான் கையோன். திறந்து பார்க்கப் போனவர்களை உதைத்துக் கடித்துவிடுகிறது குதிரை. கடைசியில் கையோனே 'பிரிகடோர்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அடங்கி நின்று வாயைக் காட்டுகிறது!

மெய்யான சொந்தக்காரன் எதிரில் வந்து நின்றதும் கலைந்துபோகிற வீரம், அதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆளுக்குப் பெயராக இருந்தது போகப்போக அந்த மாதிரிப் பேச்சுக்கே பெயராகிவிட்டது. இன்றைய எழுத்தில் பெரும்பாலும் பேச்சையும் தோரணையையும்தான் குறிக்கிறது. அதனால் உங்கள் வாக்கியத்தில் 'வாய்ச்சவடால்' என்று தயங்காமல் போடுங்கள். 'உதார்' இன்னும் நெருக்கம், ஆனால் கட்டுரையின் நடை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, ராப் இசையைப் பற்றிய கட்டுரைகளிலும் இந்தச் சொல் வரும். அங்கே அது வசவு இல்லை. தன் திறமையைத் தானே பாடி எதிராளியைச் சீண்டும் ஒரு பாணிக்குப் பெயர், அதைச் சொல்லழகோடு செய்பவரை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அங்கே வாய்ச்சவடால் என்று எழுதினால் பாடகரை அவமதித்ததாகிவிடும். போர்க்களத்தில் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்வதை நம் புறத்திணை இலக்கணம் 'நெடுமொழி' என்கிறது. ராப்புக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.