கையில ஒரு லட்சம், முதல் புராடக்ட்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதுசா தொழில் தொடங்கறவங்க அனுப்பின கேள்விங்க இதெல்லாம். குறைஞ்ச காசுல முதல் புராடக்டைச் செஞ்சு வாடிக்கையாளர் கையில குடுக்கற வரைக்கும்தான் என் எல்லை. லோன், வரி கேட்டா ஒரு வரிதான் கிடைக்கும்.

பாலக்கோடு: அண்ணா, பாலக்கோடு, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மண்டியோட தக்காளி விலையை விவசாயிங்களுக்குச் சொல்ற ஆப் செய்யணும். பெங்களூர்ல ஒரு கம்பெனி நாலு லட்சம் கேட்குது. என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. எதைக் குறைக்கலாம்?

ஆப்பையே குறைச்சிடுங்க தம்பி. நாளைக்கு எந்த மண்டிக்குக் கொண்டு போனா நாலு காசு கூட வரும்? விவசாயிக்கு வேணுங்கறது அந்த ஒரு வரி. அதுக்கு லாகின் எதுக்கு, மேப் எதுக்கு?

ஏலம் முடியறப்ப மண்டியில நில்லுங்க. விலை கேட்கறப்ப கிலோவுக்கா, கிரேட்டுக்கா (தக்காளி போடற பிளாஸ்டிக் பெட்டி)ன்னு கேளுங்க. ரெண்டு மண்டி கிரேட்டும் ஒரே எடை இல்லைன்னா உங்க ஒப்பீடே தப்பாயிடும். முதல் தரம், ரெண்டாம் தரம் தனித்தனியா கூகுள் ஷீட்ல ஏத்துங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜ் எல்லாருக்கும் தனித்தனியா போற லிஸ்ட்) போட்டு அனுப்புங்க. ஒரு லிஸ்டுல 256 பேரைச் சேர்க்கலாம். ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும். அது நல்லதுக்குத்தான். நம்பரை சேவ் பண்ணவே மெனக்கெடாதவரு ஆப்பை இறக்கவா போறாரு?

மூணு வாரம் ஓசியில அனுப்புங்க. நடுவுல ஒரு நாள் வேணும்னே அனுப்பாம விட்டுடுங்க. "இன்னைக்கு ரேட் வரலையே"ன்னு யார் யார் போன் பண்றாங்கன்னு எழுதி வைங்க. அப்புறம் மாசம் முப்பது ரூபாய்ன்னு சொல்லி கியூஆர் அனுப்புங்க. காசு போட்டவங்க எத்தனை பேர்னு பார்த்துட்டு ஆப் பேச்சை எடுக்கலாம்.

ஓசூர்: சார், முதல் வெர்ஷன்ல ஓடிபி லாகின், பேமென்ட் கேட்வே ரெண்டும் கட்டாயம் வேணும்ல?

ரெண்டும் வேணாம். கம்பெனி பேர்ல எஸ்எம்எஸ்ல ஓடிபி அனுப்பணும்னா தொலைத்தொடர்பு ஆணையமான டிராயோட விதிப்படி டிஎல்டிங்கற தளத்துல பதிவு, ஹெட்டர் (அனுப்பறவர் பேர்), டெம்ப்ளேட் (மெசேஜ் வாசகம்) ஒப்புதல்னு வரிசையா இருக்கு. இருபது வாடிக்கையாளருக்கு அந்த அலைச்சல் எதுக்கு? காசுக்கு யுபிஐ கியூஆர் போதும்.

பென்னாகரம்: ஆப் செஞ்சு குடுத்த பையன் இப்ப போனே எடுக்கறதில்லை. கோடு அவன்கிட்ட, வெப்சைட் பேரும் அவன் மெயில்ல. என்ன பண்றது அண்ணா?

முதல்ல நேர்ல போய்ப் பாருங்க. பாக்கி ஏதாவது இருந்தா குடுத்துட்டு கேளுங்க. பாதி வழக்கு அதுலயே முடியும். எல்லாருக்கும் சொல்றேன்: டொமைன் (வெப்சைட் பேர்), பிளே ஸ்டோர் கணக்கு, கோடு இருக்கற கிட்ஹப் கணக்கு, மூணும் உங்க மெயில்ல உங்க பேர்ல திறந்து, செய்றவருக்கு அனுமதி மட்டும் குடுங்க. பணம் குடுத்துட்டா கோடு நம்மளுதுன்னு நினைக்கறாங்க. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கற ஊழியர் வேலைக்காக எழுதினா முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதினா, அவர் எழுத்துல மாத்திக் குடுக்காத வரைக்கும் பொதுவா உரிமை அவருக்குத்தான். ஒரு பக்க ஒப்பந்தம் போதும், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி.

ராயக்கோட்டை: பாலக்கோடு தம்பிக்கு நீங்க சொன்ன பதில் சரியில்லைங்க. விவசாயி விலை தெரிஞ்சுக்க காசு குடுக்க மாட்டாரு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாலே விலை தெரிஞ்சிடும். மண்டிக்காரர்கிட்ட காசு வாங்கறதுதான் வழி.

பக்கத்து வீட்டுக்காரர் அவர் போன மண்டி விலையைத்தான் சொல்வாரு. மண்டிக்காரரு, பக்கத்து மண்டியில கூட விலை போகுதுன்னு விவசாயிக்குச் சொல்றதுக்கு எதுக்குங்க காசு குடுக்கணும்?

பாலக்கோடு: அதையேதான் நானும் கேட்கறேன். எங்க அப்பா மாசத்துல பாதி நாள் விலை தெரியாமத்தான் வண்டி ஏத்தறாரு.

ராயக்கோட்டை: தெரிஞ்சா மட்டும் என்ன தம்பி? விதைக்கும் மருந்துக்கும் மண்டியில முன்பணம் வாங்கினவரு வேற மண்டிக்குப் போக முடியுமா?

இதுதாங்க இந்தப் பேச்சுல முக்கியமான விஷயம். முன்பணம் வாங்கினவருக்கு எங்க விலை கூடன்னு தெரிஞ்சும் பிரயோசனமில்லை, வயித்தெரிச்சல்தான். தம்பி, லிஸ்டுல ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடி "மண்டியில முன்பணம் இருக்குங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொல்றவரு மட்டும்தான் இப்போதைக்கு உங்க வாடிக்கையாளர். விலை விழுந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டற சமயத்துலயும், 2023 ஜூலை மாதிரி கிலோ நூறைத் தாண்டற சமயத்துலயும் எல்லாரும் விலை கேட்பாங்க. அதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. சாதாரண மாசத்துல கேட்கணும். ராயக்கோட்டைக்காரரே, நீங்க கேட்டது நல்ல கேள்வி. ஆனா மண்டிக்காரர் காசு குடுப்பாருங்கறதை நான் ஒத்துக்கலை.

காவேரிப்பட்டணம்: அண்ணா, ராகி மால்ட் விக்கலாம்னு இருக்கேன். அஞ்சு ருசியில, பிரிண்ட் பண்ண பவுச்ல போடணும்.

ஒரு ருசி, ஒரே அளவு பாக்கெட்டும்மா. பிரிண்ட் பவுச்சுக்கு ஆயிரக்கணக்குல ஆர்டர் கேட்பாங்க. வெறும் ஸ்டாண்ட்-அப் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்க. லேபிள்ல தப்பு வந்தா ஸ்டிக்கரோட போயிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு இல்லாம விக்காதீங்க.

அரூர்: போர்வெல் மோட்டாரை போன்லயே ஓட்டற கருவி, ஈஎஸ்பி32ங்கற சின்ன கன்ட்ரோலர் சிப் வெச்சு செய்யலாம்னு இருக்கேன் அண்ணா.

எனக்குப் பிடிச்ச கேள்வி. ஆனா மொபைல் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே கடையில கிடைக்குது. அதோட மல்லுக்கட்டாதீங்க. மோட்டாரை ஓட்டறதை விட்டுட்டு, த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் விவசாயிக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கற பெட்டி மட்டும் செய்யுங்க. மிஸ்டு காலுக்குக் காசு இல்லை, பட்டன் போனே போதும். மோட்டாரை இயக்காததால, தப்பு நடந்தாலும் காயில் எரிஞ்ச பழி உங்க மேல வராது.

கால் பண்றதுக்கு, மலிவா இருக்குன்னு சிம்800ங்கற மாட்யூல் வாங்குவாங்க. அது 2ஜி. ஜியோவுல 2ஜியே கிடையாது, அதனால ஜியோ சிம் போட்டா சிக்னலே எடுக்காது. தோட்டத்துல எந்த சிக்னல் எடுக்குதுன்னு பார்த்துட்டு 4ஜி மாட்யூலா இல்லையான்னு முடிவு பண்ணுங்க. பாகங்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு தடவை போயிட்டு வாங்க. பிசிபி (உங்க சர்க்யூட்டுக்குன்னே அச்சடிக்கற போர்டு) அடிக்க அவசரம் வேணாம். முதல் சில பெட்டியை, ஓட்டை போட்டு ரெடியா கிடைக்கற டாட் போர்டுலயே சால்டர் பண்ணுங்க. பெட்டியில வயர் நுழையற ஓட்டையை அடைச்சிடுங்க. இல்லைன்னா எறும்பு கூடு கட்டும், பல்லி ரிலேயில விழும். கரண்ட் பக்க இணைப்பை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் குடுக்கணும். இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

ஊத்தங்கரை: ஒரு ஆப் செய்ய எவ்வளவு ஆகும்?

என்ன ஆப்னு சொல்லலையே.

மத்தூர்: வணக்கம், ஆப் செய்ய தோராயமா எவ்வளவு செலவாகும்?

மேல பாலக்கோடு தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

தேன்கனிக்கோட்டை: ஐடியாவைச் சொன்னா யாராவது திருடிடுவாங்களே, கையெழுத்து வாங்கிட்டுத்தான் பேசணுமா?

வெறும் ஐடியாவுக்குப் பேட்டன்ட் கிடையாது. நாலு பேர்கிட்ட சொல்லாம வாடிக்கையாளரை எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?

தருமபுரி: பிரைவேட் லிமிடெட் பதிவு பண்ணலாமா? உத்யம் பதிவுக்கு மூவாயிரம் கேட்கறாங்க. மானியம் எங்க கிடைக்கும்?

பிரைவேட் லிமிடெட்னா வியாபாரமே நடக்கலைன்னாலும் வருசா வருசம் ஆடிட் உண்டு, இப்ப வேணாம். உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு 2020ல வந்ததுல இருந்தே இலவசம், அரசு இணையதளத்துல நீங்களே ஆதார் வெச்சு பண்ணிக்கலாம். அந்த மூவாயிரத்தைக் குடுக்காதீங்க. மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையம் இருக்கு, ஓசூர்ல தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் மையம் இருக்கு.

பர்கூர்: ஆப் கோடு எழுதின பையன், பிளே ஸ்டோர் கணக்கை அவன் பேர்லயே போட்டுக்கறேங்கறான். செலவு மிச்சம்னு.

பென்னாகரத்துக்காரர் கதையைப் படிச்சீங்களா இல்லையா? கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர்தான். உங்க பேர்லயே திறங்க.

ஓசூர்: நான் தனி ஆளா கணக்கு திறந்துட்டேன் சார், ஆனா ஆப்பை வெளியிட விடலை. ஏன்?

2023 நவம்பர் 13க்கு அப்புறம் திறந்த தனிநபர் கணக்குன்னா, 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங்ல (நீங்க சேர்த்தவங்க மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்க்கற சோதனை) இருக்கணும், அப்புறம்தான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். காசுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறவங்ககிட்ட போகாதீங்க. ஏற்கெனவே கியூஆர்ல காசு போட்ட வாடிக்கையாளர் இருப்பாங்கல்ல, அவங்க ஜிமெயிலை வாங்கிச் சேருங்க. அதுல ரெண்டு மூணு பேராவது பழைய, மெமரி கம்மியான போன் வெச்சிருக்கறவங்களா இருக்கட்டும்.