கலை, டிசைன், இயற்கை, மனிதர்கள்: அன்றாடம் உங்களுக்கு உத்வேகம் தருவது எது?

நான்கிலிருந்தும் கிடைக்கிறது. ஆனால் நான்கையும் எனக்குச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என் அக்கா கேட்ட ஒரு கேள்விதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புத்தக அட்டை வடிவமைப்பது என் வேலை. கண்ணில் பட்ட போஸ்டர், ஓவியம், எழுத்துரு, வண்ணச் சேர்க்கை எல்லாவற்றையும் பல வருடங்களாகச் சேமித்து வைத்திருந்தேன். புது வேலை வந்ததும் அந்த ஃபோல்டர்களைத் திறந்து ஒரு மணி நேரம் புரட்டுவேன். எல்லாமே அழகாக இருக்கும். மூடிவிட்டு வேலையில் உட்கார்ந்தால் ஒரு கோடுகூட வராது.

அக்காவுக்குக் கண் நோயால் பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். ஒருநாள், "ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரம் துளிர்விட்டிருக்கு, பச்சைப்பசேல்னு இருக்கு" என்றேன். "பச்சைன்னா எந்தப் பச்சை? எனக்கு நிறமெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, சரியாச் சொல்லு" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் பத்து நிமிடம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் தெரிந்தது, துளிர்கள் பச்சையே இல்லை என்பது. மங்கலான செம்பு நிறம். (பச்சையம் நிறைவதற்கு முன்னால் இளந்தளிர்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி தூக்கலாகத் தெரியும் என்று பிறகு படித்தேன்.) முற்றிய இலைகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற இடத்தில் வானத்தின் நிறம் ஏறி, கிட்டத்தட்ட நீலம் கலந்த சாம்பலாகப் பளபளத்தது. அதே இலையைக் கீழிருந்து, வெயில் ஊடுருவி வருகிற பக்கமாகப் பார்த்தால் மஞ்சள் கலந்த இளம்பச்சை. நரம்புகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. ஓர் இலையின் நிழல் இன்னோர் இலையில் விழுந்த இடம் மட்டும்தான் நான் 'பச்சை' என்று நினைத்துக்கொண்டிருந்த நிறம்.

சாயங்காலம் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அக்கா குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தாள். செம்புன்னா புதுசா, கறுத்துப்போனதா? காற்றில் இலை திரும்பினால் நிறம் மாறுதா? பாதிக் கேள்விகளுக்காக மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வாரம் ஒரு கவிதைத் தொகுப்புக்கு அட்டை செய்தேன். சாம்பல் நீலமும் மஞ்சள் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில், ஓரத்தில் ஒரு கீற்று செம்பு. எந்த ஃபோல்டரையும் திறக்கவில்லை.

இயற்கையைப் பற்றி இவ்வளவு போதும். கலைக்கு வருகிறேன். இதற்குப் பிறகுதான் ஜோர்ஜோ மொராண்டி எனக்குப் புரிந்தார். 1890 முதல் 1964 வரை வாழ்ந்த இத்தாலிய ஓவியர். பொலோனியா நகரில் சகோதரிகளோடு வசித்த வீட்டில், தன் படுக்கையறையிலேயே வைத்து, பல பத்தாண்டுகள் அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் பெட்டிகளையும் திரும்பத் திரும்ப வரைந்தார். கண்ணாடியின் பளபளப்பு வேண்டாம் என்று சில பாட்டில்களுக்கு மேலே பெயின்ட் பூசிவிடுவார். அவற்றில் படிந்த தூசியையும் துடைக்கமாட்டார். அவர் படங்களில் இரண்டு ஜாடிகளின் விளிம்பு சரியாக ஒட்டி நிற்கும் இடம் ஒன்று இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும். அந்த ஒரு விளிம்பைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன். தலைப்பையும் படத்தையும் எவ்வளவு நெருக்கி வைக்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன். அதனால் யார் கேட்டாலும் ஒரு வாரத்துக்கு ஒரே ஓவியத்தைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நூறு வேண்டாம்.

டிசைன் போக்குகளிலிருந்து எனக்குக் கிடைப்பது குறைவு. நிறங்களுக்குப் பொதுவான எண்களைத் தரும் பான்டோன் நிறுவனம் 2000-லிருந்து வருடந்தோறும் 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கிறது. தெரிந்துகொள்கிறேன், அவ்வளவுதான். ஒரு பாணி எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது என்று தேடும்போதுதான் எனக்கு ஆர்வம் வருகிறது. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் அதை வரைந்தபோது ரயில் நிர்வாகத்தினர் முதலில் மறுத்துவிட்டார்கள்; 1933-இல் அச்சாகி வந்ததும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் போகிறவருக்கு மேலே எத்தனை மைல் என்பது முக்கியமில்லை, அடுத்த நிலையம் எது, எங்கே மாற வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்று அவர் நினைத்தார். அந்த வரைபடத்தின் நேர்கோடும் சாய்கோடும் அந்த நினைப்பிலிருந்து வந்தவை. இன்று எத்தனையோ நகரங்களின் மெட்ரோ வரைபடங்களில் அந்தக் கோடுகளைப் பார்க்கிறோம். நான் அந்தக் கோடுகளை எடுத்துக்கொள்வதில்லை. அட்டையைக் கையில் எடுக்கிறவருக்கு முதலில் என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

மனிதர்கள் என்று வரும்போது ஓவியர் வின்சென்ட் வான்கோ ஞாபகத்துக்கு வருகிறார். தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றில் 650-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்த நிறங்களை வரிவரியாகச் சொல்லி, சிலவற்றில் சின்னதாகப் படமும் போட்டிருப்பார். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இன்னும் கூர்ந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால், இன்றைக்குப் பார்த்த ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அழகா இருந்துச்சு" என்ற வார்த்தையைப் பயன்படுத்தாமல்.

போன வாரம் பேசும்போது என் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. "போனை ஜன்னல்கிட்ட வை" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உன் மரம் முற்றிப்போச்சு. துளிரா இருந்தப்போ மழை இப்படிச் சடசடக்கலை" என்றாள். அந்தச் சத்தத்தை ஓர் அட்டையில் எப்படிக் கொண்டுவருவது என்று நான்கு நாளாக வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.